தொளதொள டி-ஷர்ட், பேகி பேண்ட், நைட்டி, கிராக்ஸ்: நன்றாகவே இல்லாத உடுப்பு ஏன் இப்படி ஓடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் கடைத்தெருவிலும் கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம் பக்கமும் துணி எடுக்க வருகிற பலர் இப்போது ஒரே சண்டையோடு வருகிறார்கள். முழங்கை வரை கை தொங்கும் டி-ஷர்ட்டைப் பையன் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பான். "உங்க அப்பா சட்டையைப் போட்ட மாதிரி இருக்கு, வை அதை" என்று அம்மா பிடுங்குவார். இரண்டு தரப்பும் கேட்கிற கேள்விகளுக்கு, வெட்டுகிறவர்கள், தைக்கிறவர்கள், விற்கிறவர்கள் சொல்லும் பதில்கள் இவை.

பார்க்கவே நன்றாக இல்லை. இது எப்படி பேஷன் ஆகும்?

எதோடு ஒப்பிட்டு நன்றாக இல்லை என்பதுதான் விஷயம். 2000-க்குப் பிறகு எடி ஸ்லிமான் என்ற வடிவமைப்பாளர் டியோர் என்ற பிரெஞ்சு பேஷன் நிறுவனத்தின் ஆண்கள் உடைகளை உடம்போடு ஒட்ட வெட்டினார். அந்த வெட்டு உலகம் சுற்றி, ஸ்லிம் பிட், ஸ்கின்னி என்ற பெயர்களில் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. பத்துப் பதினைந்து வருடம் அதையே பார்த்த கண் அதையே 'சரியான அளவு' என்று எடுத்துக்கொண்டது. அந்தக் கண்ணோடு பார்த்தால் இன்றைய பேகி பேண்ட் கோணிப்பைதான். ஆனால் 1990-களில் பேகி போட்டவர்களுக்கு ஸ்கின்னி வந்தபோது 'ஈர்க்குச்சிக் கால்' என்றுதான் தோன்றியது. பெல்பாட்டத்துக்கும் 1970-களில் கேலி உண்டு, பிறகு அதே பெல்பாட்டத்தில் கல்யாண போட்டோவும் உண்டு.

பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போவதை ராபர்ட் ஜயோன்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் சோதித்துக் காட்டினார். பொருளே இல்லாத சொற்களையும் முகப் படங்களையும் திரும்பத் திரும்பக் காட்டினார். அதிகம் பார்த்தவை ஆட்களுக்கு அதிகம் பிடித்தன. முன்பெல்லாம் ஒரு புது வெட்டை இருபது முறை பார்க்க ஒரு வருடம் ஆகும், அதற்கும் மதுரைக்குப் போய்வர வேண்டும். இப்போது கைப்பேசியில் ஒரு சாயங்காலம் போதும். பையனுக்குப் பழகிவிட்டது, அம்மாவுக்குப் பழகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

யார் இதை ஆரம்பித்து வைக்கிறார்கள்?

இரண்டு வாசல்கள் வழியாக வருகிறது. ஒன்று தெரு. 1940-களில் அமெரிக்காவில் கறுப்பின, மெக்சிக்க வம்சாவளி இளைஞர்கள் 'ஸூட் சூட்' என்று தொடையில் பானை போல உப்பிய பேண்டும் முழங்கால் தொடும் கோட்டும் போட்டார்கள். போர்க்காலத் துணிக் கட்டுப்பாடு 1942-ல் வந்த பிறகும் விடவில்லை. 1943-ல் லாஸ் ஏஞ்சலஸில் அந்த உடைக்காகவே படைவீரர்கள் அவர்களை அடித்துத் துணியைக் கிழித்தார்கள். தொளதொளப்பு அங்கே ஒரு எதிர்ப்பு. பிறகு ஹிப்-ஹாப் பாடகர்களும் ஸ்கேட்போர்டு பையன்களும் அதே வழியில் வந்தவர்கள்.

இன்னொன்று மாடி வாசல். இத்தாலிய வடிவமைப்பாளர் மியூச்சியா பிராடா 1996 வசந்தகால உடைகளை வேண்டுமென்றே பழுப்பு, சேற்றுப் பச்சை என்று பழைய சமையலறைத் திரைச்சீலை மாதிரி நிறங்களில் இறக்கினார். 'அசிங்கமான அழகு' என்று பெயரே வந்துவிட்டது. அழகானதை யாரும் ரசிக்கலாம். அசிங்கத்தை ரசிக்க 'விஷயம் தெரிந்தவர்' ஆக இருக்க வேண்டும் என்ற பெருமை அதில் இருக்கிறது.

கேயார்க் சிம்மல் என்ற ஜெர்மானியச் சிந்தனையாளர் 1904-லேயே சொன்னது: பேஷன் என்பது ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளவும் இன்னொரு கூட்டத்திலிருந்து விலகிக்கொள்ளவும் ஒரே சமயத்தில் உதவுகிற சாதனம். எல்லோரும் அதைப் போட்ட நாளில் ஆரம்பித்தவர் கழற்றிவிடுவார். இங்கே இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்: சித்தப்பா ஸ்லிம் பிட் வாங்கிய மாதம்தான் தம்பி அதைக் கைவிட்ட மாதம்.

கம்பெனிக்காரர்களுக்கு இதில் என்ன லாபம்?

எங்களைக் கேட்டால் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

உடம்போடு ஒட்டும் சட்டைக்கு ஷோல்டர், மார்பு, இடுப்பு, கைக்குழி நான்கும் பொருந்த வேண்டும். அரை இஞ்ச் தவறினால் பட்டன் இழுக்கும், அக்குள் பிடிக்கும். ஷோல்டர் தையல் தோள் எலும்பைத் தாண்டிப் புஜத்தில் இறங்கும் 'டிராப் ஷோல்டர்' டி-ஷர்ட்டுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அதன் கைக்குழி கிட்டத்தட்ட நேர்கோடு. கையின் தலைப்பகுதியும் மேடு இல்லாமல் தட்டையாக இருக்கும். துணியைப் பரப்பிவைத்து ஓவர்லாக்கில் (ஓரத்தைச் சுற்றித் தைக்கும் மிஷின்) ஒரே ஓட்டமாக ஓட்டிவிடலாம், சுருக்கம் கொடுத்து உட்காரவைக்கும் வேலை இல்லை. ஆறு சைஸ் வைத்த இடத்தில் மூன்று சைஸ் போதும். ஆன்லைனில் வாங்குகிறவர் 'டைட்டா இருக்கு' என்று திருப்பி அனுப்புவதும் குறையும்.

துணி அதிகம் போகுமே என்றால், ஆமாம், போகும். 180 ஜிஎஸ்எம் துணியில் சாதாரண மீடியம் டி-ஷர்ட் சுமார் 160 கிராம் இருக்கும். 240 ஜிஎஸ்எம் ஓவர்சைஸ் சுமார் 280 கிராம் தொடும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். கூடுதல் துணிக்கு ஆகும் காசைக் கனமான துணி என்ற பெயரில் விலையில் ஏற்றிவிடலாம். மிச்சமாவது தையல் நேரமும் திரும்பி வரும் சரக்கும்.

இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் அதுதானே ஓவர்சைஸ்?

இல்லை. பலரும் பணத்தை வீணாக்குவது இந்த இடத்தில்தான். தொளதொளப்புக்கும் அளவு உண்டு.

மீடியம் போடுகிற ஒருவருக்குச் சாதாரண டி-ஷர்ட் தோராயமாக ஷோல்டர் 17½ இஞ்ச், மார்புச் சுற்று 40, உயரம் 28, கை 8½ இருக்கும். அவரே டபுள் எக்ஸெல் எடுத்தால் ஷோல்டர் 20, மார்பு 46, உயரம் 31, கழுத்தும் அகலம். சட்டை தொடையில் போய் நிற்கும், கழுத்து காலர் எலும்பைத் தாண்டித் தொங்கும். பார்க்கிறவருக்கு அண்ணன் துணியைத் தம்பி போட்டதாகத்தான் தெரியும். ஓவர்சைஸாகவே வெட்டிய மீடியத்தில் ஷோல்டர் 21 முதல் 22, மார்பு 45 அல்லது 46, கை 9½ முதல் 10. ஆனால் உயரம் 28½ அல்லது 29-ஐத் தாண்டாது, கழுத்து பழைய அளவிலேயே கச்சிதமாக நிற்கும். பக்கவாட்டில் மட்டும்தான் பெரிது.

கடையில் ட்ரையல் ரூம் இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். டி-ஷர்ட்டை மேஜையில் விரித்து ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளவுங்கள். 22½ அல்லது 23 வந்து, உயரம் 29-க்குள் இருந்தால் அது வெட்டிலேயே ஓவர்சைஸ். உயரம் 30-ஐத் தாண்டினால் வெறும் பெரிய சைஸ். கழுத்துப் பட்டி ஒரு இஞ்சுக்குக் குறையாமல் இருக்கட்டும். விரலால் இழுத்துவிட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாதது பத்துத் துவைப்பில் அலை அலையாக நிற்கும்.

குள்ளமாக இருக்கிறவர்கள் போடலாமா? தொப்பை இருந்தால்?

போடலாம், இரண்டில் ஒன்று மட்டும். மேலே தொளதொள என்றால் கீழே நேர் வெட்டுப் பேண்ட். கீழே பேகி என்றால் மேலே இடுப்பெலும்பில் முடியும் சட்டை. ஐந்தடி நான்கு அங்குலத்துக்குக் கீழே உள்ளவர்கள் சட்டை உயரத்தை 27 இஞ்சுக்கு வெட்டி மடித்தால் கால் நீளமாகத் தெரியும். தொப்பைக்கு மெல்லிய துணிதான் எதிரி. 150 ஜிஎஸ்எம் துணி கடற்காற்றில் வயிற்றோடு அப்பிக்கொள்ளும், 200 அப்பாது.

வாங்கியாகிவிட்டது, ரொம்பப் பெரிது. பிடித்துத் தைக்கலாமா?

தைக்கலாம். வரிசை மாறக்கூடாது.

முதலில் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். பின்னல் துணி நீளத்தில் 5 சதவீதம் வரை சுருங்கும். 30 இஞ்சில் அது ஒன்றரை இஞ்ச். துவைக்காமல் நீளத்தைக் குறைத்தால் பிறகு தொப்புள் தெரியும்.

உள்புறம் வெளியே திருப்பி விரியுங்கள். உங்களுக்குச் சரியாக இருக்கும் டி-ஷர்ட்டைக் கழுத்தும் ஷோல்டரும் ஒட்ட அதன் மேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை இஞ்சுக்கு மேல் எடுக்க வேண்டாம். கீழ் மடிப்பில் தொடங்கி அக்குள் வழியாகக் கையின் அடித்தையல் முடிவு வரை ஒரே ஓட்டமாகத் தைக்க வேண்டும். உடம்பை மட்டும் பிடித்துக் கையை அப்படியே விட்டால் அக்குளில் வௌவால் சிறகு மாதிரித் துணி குவியும். ஆல்ட்டருக்கு வரும் டி-ஷர்ட்களில் அடிக்கடி பார்க்கிற கோளாறு இது.

ஊசி முக்கியம். சாதாரண ஊசி பின்னலின் கண்ணிகளை அறுக்கும். அன்று தெரியாது, மூன்றாம் துவைப்பில் தையல் ஓரம் ஊசிமுனை ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். முனை உருண்ட 'பால் பாயிண்ட்' ஊசி, 11 அல்லது 14-ஆம் நம்பர் கேளுங்கள். ஓவர்லாக் இல்லாத மிஷினில் சின்ன ஜிக்ஜாக் போடலாம். நேர்த்தையல் போட்டால் தலைவழி இழுக்கும்போது பட்டென்று நூல் அறும்.

ஷோல்டரையே இரண்டு இஞ்சுக்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் கையைப் பிரித்துக் கைக்குழியை மறுபடி வெட்ட வேண்டும். அந்தக் கூலிக்கு வேறு டி-ஷர்ட்டே வாங்கலாம்.

பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வருகிறது என்று கொண்டுவருவார்கள். அது தையல்காரர் குற்றம் இல்லை. நூலில் இருக்கும் முறுக்கு, துணியை மில்லில் சரியாக இறுக்கிப் பதப்படுத்தாததால் துவைத்ததும் தன்னை விடுவித்துக்கொள்கிறது. பிரித்துத் தைத்தாலும் திரும்ப முறுக்கும்.

பேகி பேண்ட் கால் அளவு எவ்வளவு இருக்க வேண்டும்?

ஸ்கின்னியின் பாட்டம் சுற்றளவு 12, 13 இஞ்ச். பேகிக்கு முழங்கால் 21, 22. பாட்டம் 18 முதல் 20. நீளத்தைச் செருப்பு போட்டுக்கொண்டு அளந்து, தரையிலிருந்து அரை இஞ்ச் மேலே நிறுத்துங்கள். ரீல்ஸில் தரையைக் கூட்டுவது போல வருகிறதே என்று விட்டால், ஈர மணல் குதிகால் பக்க மடிப்பை ஒரே மாதத்தில் தின்றுவிடும்.

நம் கடற்கரைக்கு எது ஏற்றது, டைட்டா லூசா?

லூசுதான். இது பேஷன் பேச்சு இல்லை. காற்றில் ஈரம் அதிகம் உள்ள ஊரில் வியர்வை ஆற வேண்டுமென்றால் துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று ஓட வேண்டும். கைலியும் சாரமும் இங்கே நிலைத்தது அதனால்தான். நாள் முழுக்க இறுகிய ஜீன்ஸில் இருந்தால் தொடை இடுக்கில் படர்தாமரை வருவது இந்தப் பக்கம் சாதாரணம்.

ஆனால் ஓவர்சைஸ் என்று விற்கும் 240 ஜிஎஸ்எம் துணி சித்திரை வெயிலுக்குப் போர்வை. இங்கே 180 முதல் 200 போதும். காற்று வேறு: பாம்பன், தனுஷ்கோடி பக்கம் ஆடிக் காற்றில் அகலமான டி-ஷர்ட் பாய்மரமாகும். பைக்கில் போகிறவர்கள் முன்பக்க நுனியைப் பேண்டுக்குள் செருகிக்கொள்வது நல்லது.

துவைப்பதில்தான் பலர் கெடுக்கிறார்கள். உப்புத்தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நுரைக்காத சோப்பு சாம்பல் படிவாகத் துணியில் தங்கும், அதோடு உப்பும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதால் காய்ந்த ஜீன்ஸ் ராத்திரியில் மறுபடி பிசுபிசுக்கும். சோப்புக்கட்டிக்குப் பதில் பவுடர் அல்லது லிக்விட் போட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள். உள்ளே வெளியே திருப்பி, பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துத் தொங்கவிட்டால் காற்று காலுக்குள் புகுந்து காயவைக்கும். ஐப்பசி கார்த்திகையில் கனமான பேகி ஜீன்ஸ் காய இரண்டு நாள் ஆகலாம். பள்ளி, வேலை என்று தினமும் வேண்டியவர்கள் ட்வில் காட்டன் கார்கோ (தொடையில் பாக்கெட் வைத்த பேண்ட்) வாங்குவது புத்திசாலித்தனம்.

நைட்டியும் இந்தக் கணக்கில் வருமா?

வரும். நம் ஊரில் உலகப் பேஷனுக்கு முன்பே ஜெயித்த தொளதொள உடுப்பு அதுதான். சுமார் 3 மீட்டர் துணி, ஒரே சைஸ், உள்பாவாடை நாடா இடுப்பை அறுக்காது, குழந்தைக்குப் பால் கொடுக்க முன்னால் ஜிப், மீன் ஆய உட்கார்ந்தால் முழங்காலை மூடும், ஒரு மணி நேரத்தில் காயும். இத்தனை வசதி சேர்ந்த உடை வேறு இல்லை. மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் தெருக்குழாய், ரேஷன் கடை, வாசல் மீன்காரி வரை போய்வரலாம் என்று பெண்களே எல்லையை வகுத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் அடி வாங்குவது அதுதான். ஆந்திராவில் ஒரு கிராமம் 2018-ல் பகலில் நைட்டி அணிந்தால் 2,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியவர் டீக்கடையில் உட்கார்ந்து இந்தச் செய்தியை ஆமோதித்துப் படிப்பதில் உள்ள நியாயம் எங்களுக்குப் புரியவில்லை.

வேலைக்குப் போடும் துணி எப்படி ஸ்டைல் ஆகிறது?

சின்னப்பாலம், பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, கண்ணாடி, காலில் கட்டிய தகடு. சட்டை பெரிதாக இருப்பது வெயிலுக்கும் சொறி மீனுக்கும் பாறைக் கீறலுக்கும் காவல், நீருக்குள் கையை வீசவும் இடம். யாரும் அதை ஸ்டைல் என்பதில்லை.

அதே வழியில் பிறந்தவைதான் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குபவை. ஜீன்ஸ், பாக்கெட் கிழியாமல் செம்பு ரிவெட் அடித்து 1873-ல் காப்புரிமை பெற்ற கூலியாட்களின் கால்சட்டை. டி-ஷர்ட், 1913-ல் அமெரிக்கக் கடற்படை கொடுத்த உள்பனியன். கார்கோவின் தொடைப் பாக்கெட் 1938-ல் பிரிட்டிஷ் ராணுவ உடையில் வந்தது. வேலைத் துணி வேலை செய்யாதவர் கைக்குப் போகும்போது விலை ஏறுகிறது.

கிராக்ஸ்? அதை எப்படி விளக்குவீர்கள்?

2002-ல் படகில் போடுவதற்கென்று படகுக் கண்காட்சியில் வைத்து விற்ற செருப்பு. தண்ணீர் வடிய ஓட்டை, கழுவ எளிது, கனமில்லை. கேலி பேசிய உலகம், 2017-ல் பலென்சியாகா என்ற பெரிய பேஷன் நிறுவனம் அதற்கு உயரமான அடி வைத்து மேடை ஏற்றியதும் வாயை மூடிக்கொண்டது. நம்மூர்ப் படகில் பலர் வெறுங்காலோடு ஏறுவது வேறு கதை.

வெயிலில் காயும் பைக் சீட்டிலோ காருக்குள்ளோ விட்டால் அந்த நுரை சுருங்கி ஒரு சைஸ் குறையும், பிறகு விரியாது. பாசி பிடித்த படித்துறையில் வழுக்கும், குறிப்பாக அடி தேய்ந்த மலிவு நகல்.

காசு கொடுத்துக் கிழிசல் வாங்குவது என்ன நியாயம்?

கிழிசல் 1970-களின் லண்டன் பங்க் இளைஞர்களிடமிருந்து வந்த கோபம். இன்று அது 'எனக்கு இல்லாமல் இல்லை' என்ற அறிவிப்பு. ஒட்டுப்போட்ட துணியோடு வளர்ந்த தாத்தாவுக்கு அது எரிச்சலைத் தருவது இயல்பு, அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

கிழிப்பதிலும் தொழில் இருக்கிறது. டெனிமில் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. குறுக்கே இரண்டு வெட்டு வெட்டி, நடுவில் உள்ள நீலப் பாவு நூல்களை மட்டும் ஊசியால் உருவினால் வெள்ளை நூல்கள் ஏணிப்படி மாதிரி நிற்கும். நாலா பக்கமும் மிஷின் தையல் ஓடவிடாவிட்டால் நான்கு துவைப்பில் கால் முட்டி முழுதாக வெளியே வரும். மணலைப் பீய்ச்சி வெளுக்கவைக்கும் முறை தொழிலாளர் நுரையீரலைச் சிலிக்கா தூசியால் அழித்ததால் துருக்கி 2009-ல் அதைத் தடை செய்தது.

ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆடப் பேகி ஜீன்ஸ் போட்டு வரலாமா?

வேண்டாம். பருத்தி ஜீன்ஸ் நனைந்தால் எடை இரண்டு மடங்குக்குக் குறையாது. கிணறு கிணறாக ஈரத்தரையில் அதை இழுத்துக்கொண்டு நடந்தால் இடுப்பு நழுவும், கால் தடுக்கும். வெளிர் நிற மெல்லிய டி-ஷர்ட்டும் ஆகாது, ஒட்டிக்கொண்டு எல்லாம் தெரியும். அடர்நிறப் பருத்தி சுடிதார், வேட்டி, தளர்ந்த டிராக் போதும். மாற்றுத்துணியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், தரிசனத்துக்கு ஈரத்தோடு போக முடியாது.

வாப்பா துபாயிலிருந்து வாங்கி வந்த மீடியம் எல்லாம் ஏன் பெரிதாக இருக்கிறது?

அமெரிக்க அளவில் வெட்டும் பிராண்டுகளின் மீடியம், நம் கடை லார்ஜுக்குச் சமமாக வரும். அடுத்த முறை சைஸ் எழுத்தைச் சொல்ல வேண்டாம். பொருந்துகிற டி-ஷர்ட்டின் அக்குள் அளவையும் உயரத்தையும் சென்டிமீட்டரில் அனுப்புங்கள்.

பழைய டைட் ஜீன்ஸைத் தூக்கிப் போடலாமா? திரும்ப வருமா?

ஸ்டைல் திரும்பலாம், அந்த ஜீன்ஸ் அதுவரை உயிரோடு இருக்குமா என்று பாருங்கள். ஸ்ட்ரெச் ஜீன்ஸில் ஒன்று இரண்டு சதவீதம் எலாஸ்டேன் என்ற இழுபடும் நூல் இருக்கும். சூடும் பிளீச்சிங் பவுடரும் வருடங்களும் அதைத் தின்னும். முட்டிப் பக்கத்தை இரண்டு கையால் இழுத்துவிடுங்கள். திரும்பாமல் தொய்ந்து நின்றாலோ சின்னச் சின்ன வெள்ளை நூல் நுனி எட்டிப் பார்த்தாலோ அது முடிந்த கதை, கைப்பிடித் துணியாக்கலாம். முழுப் பருத்தி என்றால் உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, மொறமொறவென்று காயவைத்து, பித்தளை ஜிப்பின் பற்களில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு மடித்து வையுங்கள். தேய்க்காமல் வைத்தால் நம் காற்றுக்கு இரண்டு மழைக்காலத்தில் ஜிப் பச்சை பூத்து இறுகிவிடும்.